மதரஸாப் பிள்ளைக்கு ஆங்கில ஆசை வர

விளாங்குடிப் பக்கம் கல்லூரியில் படித்துக்கொண்டே, விடுதி மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பும் தம்பிகளுக்கு இது. பெற்றோரும் படிக்கலாம்.

செய்ய வேண்டியவை

முதலில் மதரஸா ஆசிரியரான ஹஜ்ரத்தைப் பாருங்கள். நேரத்தை அவரே குறித்துக் கொடுக்கட்டும்.

பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். அரபிச் சொல்லிலக்கணமான சர்ஃப் வகுப்பில் ‘ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ’ என்று ஓர் இறந்தகால வினையின் 14 வடிவங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவன் அவன். நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் ‘வென்ட்’ ஒன்றே போதும் என்று எழுதிப்போடுங்கள், “இவ்வளவுதானா?” என்பான். ‘தி’ எங்கே வரும் என்று நாம்தான் திணறுகிறோம். அரபியின் ‘அல்’ படித்தவனுக்கு அது பாதி தெரிந்த சங்கதி. ‘திங்க்’கின் முதல் ஒலியோ, அலிஃப், பா, தா, ஸா வரிசையில் நான்காம் எழுத்தின் மக்ரஜிலேயே, அதாவது ஒலிப்பிடத்திலேயே, பிறக்கிறது. உச்சரிப்பில் அவன் உங்களைத் திருத்தினாலும் திருத்துவான்.

ஆங்கிலம் அவனுக்கு எங்கே உதவும் என்று காட்டுங்கள். நாளை ஆலிமாகிச் சிங்கப்பூர்ப் பள்ளிவாசலுக்குப் போனால், தமிழ் சரளமாக வராத பிள்ளைகளுக்கு எந்த மொழியில் மார்க்கம் சொல்வான்? வாரம் ஒருவனை மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) செய்யச் சொல்லுங்கள்.

கேரளத்தின் செம்மாட்டில் 1986 முதல் இயங்கும் தாருல் ஹுதாவில் மார்க்கக் கல்வியும் ஆங்கிலமும் ஒன்றாகவே நடப்பதைச் சொல்லுங்கள். மதரஸா முடித்தவர்கள் பல்கலைக்கழகப் படிப்புக்குள் நுழைய, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 2013இல் இணைப்புப் படிப்பு தொடங்கியதையும் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

“இங்கிலீஷ் இல்லேன்னா சோறு கிடைக்காது” என்று மிரட்டாதீர்கள். ஓதவந்ததே வீண் என்றுதான் அவன் காதில் விழும். ஆசை அன்றோடு போச்சு.

ஃபஜ்ர் தொழுகைக்குப் பிந்திய ஹிஃப்ழு (குர்ஆன் மனன) நேரத்தில் கைவைக்காதீர்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிந்திய விளையாட்டு நேரத்தில் கண்டிப்பாகக் கூடாது.

‘ஹி ஸ்டூடன்ட்’ என்றால் சிரிக்காதீர்கள். ‘ஸைதுன் தாலிபுன்’ என்னும் அரபி வாக்கியத்திலும் ‘ஸைத் மாணவன்’ என்னும் தமிழிலும் ‘இஸ்’ஸுக்கு வேலையில்லை. சரியான ஆங்கில வாக்கியத்தையும் சேர்த்து மூன்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினால் அவனே கண்டுபிடிப்பான்.

விமான நிலைய உரையாடலை உருப்போட வைக்காதீர்கள். தொப்பி போட்ட பிள்ளைகளோடு படமெடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும் வேண்டாம்.

செமஸ்டர் வந்ததும் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். வர முடியாத வாரத்தை முன்கூட்டியே சொல்லி, உங்களுக்குப் பதில் ஒரு நண்பரை அனுப்புங்கள்.