வெறிநாய்க்கடி: நேரம் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

 

மனிதருக்கும் பிராணிகளுக்கும் பொதுவாக வரும் நோய்கள் பல. அவற்றுள் நம் தெரு வாசல்வரை வந்து நிற்பது ரேபீஸ் எனப்படும் வெறிநோய். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதருக்கு இந்நோய் வருவதில் 99 சதவீதம் நாய்க்கடியால்தான். வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் பிராணிகளிடம் கடிபடுபவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. ஆனால் கடிபட்ட உடனே முறையாக வைத்தியம் செய்தால் ஏறத்தாழ எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். அதனால்தான் இம்மாதம் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

நோய் உடலில் நகரும் விதம்

வெறிநோய்க் கிருமி நோய்ப்பட்ட பிராணியின் எச்சிலில் இருக்கும். கடி அல்லது பிறாண்டல் வழியாக உள்ளே போன கிருமி, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளையை நோக்கி நகர்கிறது. இதற்குப் பெரும்பாலும் 1 முதல் 3 மாதம் ஆகும். சிலருக்கு ஒரே வாரத்திலும், சிலருக்கு ஓராண்டு கழித்தும் நோய் வெளிப்படலாம். முகம், தலை, கை ஆகிய இடங்களில் கடித்தால் ஆபத்து சீக்கிரம் வரும். மூளையை அடைந்தபின் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும். காற்று பட்டாலும் துடிப்பார்கள். அப்போது போடும் தடுப்பூசியால் பயன் இல்லை. கிருமி மூளைக்குப் போய்ச் சேருமுன் உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிவிட வேண்டும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

மருந்து வந்த வரலாறு

இந்த அவகாசத்தைப் பயன்படுத்தலாம் என்று கண்டவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். அவருக்கு முன்பே, 1879இல், லியோன் நகரக் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் கால்த்தியே இந்நோயை முயலுக்கு ஏற்றி ஆராய முடியும் என்று காட்டியிருந்தார். பாஸ்டரும் அவருடைய துணைவர்களும், நோயால் இறந்த முயலின் முதுகுத்தண்டை எடுத்து உலர்ந்த காற்றில் தொங்கவிட்டார்கள். நாளாக ஆக அதிலுள்ள கிருமியின் வீரியம் குறைந்தது. வீரியம் குறைந்ததில் தொடங்கி, படிப்படியாகக் கூடியதை நாய்களுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கு நோய் வரவில்லை.

1885 ஜூலை 6ஆம் தேதி, வெறிநாய் பல இடங்களில் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டரை அவன் தாயார் பாஸ்டரிடம் அழைத்து வந்தார். பாஸ்டர் டாக்டர் அல்லர். ஆகவே கிராஞ்ஷே என்ற டாக்டர் ஊசி போட்டார். சுமார் 10 நாட்களில் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான்.

நம் நாட்டில் 1900இல் கசௌலியிலும், 1907இல் நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் தொடங்கப்பட்டன. கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் 1911இல் ஆட்டு மூளையிலிருந்து ஒரு தடுப்பூசி தயாரித்தார். பெரியவர்கள் இன்றும் பயத்தோடு சொல்லும் "தொப்புளைச் சுற்றி 14 ஊசி" அந்த மருந்துதான். அது பல உயிர்களைக் காத்தது. சிலருக்கு நரம்புப் பாதிப்பையும் தந்தது. இப்போது அது கைவிடப்பட்டு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களிலிருந்து செய்யும் பாதுகாப்பான மருந்து வந்துவிட்டது. கையில் போடும் சில ஊசிகளே போதும். பழைய ஊசிக்குப் பயந்து யாரும் தயங்க வேண்டியதில்லை.

கடித்தால் என்ன செய்வது?

1. காயத்தை உடனே குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள். இக்கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைச் சிதைக்கும்.

2. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். கட்டுப் போடவும் வேண்டாம்.

3. அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த ஊசி இலவசம். தோலைக் கிழித்து ரத்தம் வந்திருந்தால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். டாக்டரிடம் கேட்டுப் பெறுங்கள்.

4. முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28 என்று டாக்டர் குறித்துத் தரும் நாட்களில் தவறாமல் போய் ஊசியை முடியுங்கள். காயம் ஆறிவிட்டது என்று பாதியில் விடாதீர்கள்.

ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம்மிடையே உள்ள வழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அதைச் செய்யலாம். ஓதிவிட்டு, "பார்ப்போம்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

பிராணிகளையும் கவனிப்போம்

ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே நோய் பரவுவது அறுந்துவிடும். ஆகவே தெருநாய்களுக்கு ஊசி போட வருபவர்களுக்கு நம் மஹல்லாவாசிகள் ஒத்துழைக்க வேண்டும். நாய்களைக் கல்லால் அடிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டிக்க வேண்டும்.

ஆடு, மாடு, பூனைக்கும் வெறிநோய் வரும். வளர்க்கும் ஆட்டை நாய் கடித்துவிட்டால், "வீணாகப் போகிறதே" என்று அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள். நோய்ப்பட்ட பிராணியை அறுப்பவருக்கும் ஆபத்து உண்டு. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

மதரஸாவுக்கும் பள்ளிக்கும் போய்வரும் பிள்ளை, வழியில் நாய் பிறாண்டியதை வீட்டில் சொல்லாமல் இருக்கலாம். ஏச்சுக்கும் ஊசிக்கும் உள்ள பயமே காரணம். இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, "நாயோ பூனையோ கடித்தால், கீறினால் உடனே எங்களிடம் சொல்; நாங்கள் ஏசமாட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பிள்ளை சொன்னால்தான் நமக்குத் தெரியும். தெரிந்தால்தான் ஊசி போட முடியும்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.