மான்கறி வேண்டாம், கோலா உருண்டை போதும்

பிரெஞ்சு விருந்துப் பட்டியலைப் பார்த்து, ஒரே வாயில் போடும்படியான மான்கறித் துண்டுகளைப் பரிமாறப் புதுச்சேரியில் சிலருக்கு ஆசை வரலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவதும் அதன் கறியை விற்பதும் குற்றம், வாங்கியவரும் மாட்டிக்கொள்வார். ருசியிலும் பெரிய இழப்பில்லை. மான்கறியின் குணம் கொழுப்புக் குறைவு. வெள்ளாட்டுத் தொடைக்கறிக்கும் அதே குணம்தான். கொழுப்பில்லாத கறியைத் துண்டாகப் பொரித்தால் ஆறியதும் ரப்பராகிவிடும். விருந்திலோ தட்டு சுற்றி வருவதற்குள் எதுவும் ஆறிப்போகும். அதனால்தான் கொத்துக்கறி, மெல்ல வேண்டிய நாரைக் கத்தியே அறுத்துவிடுகிறது.

கோலா உருண்டைக்கு அரைக் கிலோ கொத்துக்கறியை ஒட்டப் பிழிந்து, சோம்பு, பச்சைமிளகாய், இஞ்சி பூண்டு, உப்புடன் அரைத்து, பொட்டுக்கடலை மாவு தூவிப் பிசையுங்கள். பொரித்துப் பொடித்த வடகம் ஒரு சிட்டிகை சேரட்டும் (பிரெஞ்சுக்காரர்கள் ‘வடுவான்’ என்று கொண்டாடுவது இதன் வழிவந்ததைத்தான்). நெல்லிக்காய் அளவில் உருட்டி, மிதமான தீயில் உள்வரை வேகப் பொரிக்கவும். உதிர்ந்துவிடுமே என்பார்கள், உதிர்வது பெரும்பாலும் ஈரத்தால். முட்டை ஊற்றினால் இன்னும் தளரும், மாவுதான் மருந்து. எண்ணெய் குடிக்கும் என்பதும் எண்ணெய் காயுமுன் போடுபவர்களின் புகார். மேல்நாட்டுக் களை இல்லையே என்றால், ஊர் பேக்கரியின் நீள ரொட்டியை வட்டமாக அரிந்து, நெய்யில் வாட்டி, மேலே ஓர் உருண்டையைப் பல்குச்சியால் குத்தி வையுங்கள்.