ரொட்டியோடு என்ன சாப்பிடுகிறோம்?

காலையில் கோதுமை மா ரொட்டி, கூடவே சாயத்தண்ணி. மத்தியானம் மலையிலும் அதே ரொட்டிதான். நமது தோட்டங்களில் பல வீடுகளில் நாம் காண்பது இதுதான். வயிறு நிறைகிறது. உடம்புக்கு வேண்டிய சத்து கிடைக்கிறதா?

"கொழுந்து எடுக்கையில தலை சுத்துது, மேட்டுல ஏறினா மூச்சு வாங்குது" என்று தாய்மார் நம்மிடம் சொல்வதுண்டு. வேலைக் களைப்பு என்று விட்டுவிடுகிறார்கள். அது இரத்தச்சோகையாக இருக்கலாம். கர்ப்பிணித் தாய்க்கு இரத்தம் குறைந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கக்கூடும். பேறுகாலத்தில் தாயின் உயிருக்கும் ஆபத்து வரலாம்.

கோதுமையை வெள்ளை மாவாக்கும்போது தவிடும் முளையும் நீக்கப்படுகின்றன. அவற்றோடு இரும்புச்சத்திலும் நார்ச்சத்திலும் பெரும்பகுதி போய்விடுகிறது. போதாக்குறைக்கு, சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது.

ரொட்டியையும் தேத்தண்ணியையும் விடச் சொல்லவில்லை. கீழே உள்ளபடி கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

1. மூன்று கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை குரக்கன் மா சேர்த்துப் பிசையுங்கள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. அது எலும்புக்கு நல்லது.

2. அந்த மாவிலேயே தேங்காய்ப்பூ, வெங்காயம், பொடியாக அரிந்த முருங்கைக்கீரை அல்லது பொன்னாங்காணி போட்டுச் சுடுங்கள். வெறும் சம்பலுக்குப் பதிலாகப் பருப்போ, அவித்த கௌபியோ, கொஞ்சம் நெத்தலியோ தொட்டுக்கொள்ளலாம்.

3. கீரையில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் கிடைத்தாலும் நல்லது. இரும்புச்சத்து உடம்பில் சேர இவை உதவும்.

4. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள்.

சம்பள நாளில் பிள்ளைகளுக்கு என்ன வாங்குகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். பாக்கெட் நூடுல்ஸிலும் பைட் பாக்கெட்டிலும் உப்பும் எண்ணெயும் அதிகம். போத்தல் குளிர்பானங்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் போடப்படுகிறது. சிவப்பு என்றால் சீனி மிக அதிகம். அந்தக் காசுக்கு முட்டையோ, நிலக்கடலையோ, வாழைப்பழமோ வாங்கினால் பிள்ளைக்குச் சத்து சேரும்.

லயத்துக்குப் பின்னால் ஒரு முழ நிலம் இருந்தாலும் வல்லாரை வரும். நாலு பை மண்ணிலும் கீரை முளைக்கும்.

இன்னும் ஒன்று. பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது தாய்தான். அப்போது சட்டியில் கறி மிஞ்சுவதில்லை. அவளுக்கு மிஞ்சுவது வெறும் ரொட்டியும் தேத்தண்ணியும். அண்ணன்மாரே, பிள்ளைகளே, இன்று இரவு கறியைப் பங்கு வைக்கும்போது அவளுக்கு முதலில் எடுத்து வையுங்கள். அவளுக்குத் தலைசுற்று இருந்தால் நாளையே மருந்தகத்துக்குக் கூட்டிப்போய் இரத்தத்தைப் பரிசோதியுங்கள்.