எஸ்.எஸ்.டி. வாங்கும் முன்

போன செமஸ்டர் என் லேப்டாப் ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்'னு சத்தம் போட்டு நின்னுபோச்சு. இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கையும் அதோட போச்சு. அவசரத்தில் எம்.2 எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிச் சொருகினேன். லேப்டாப் கண்டுக்கவே இல்லை. வடிவம் சரிதான். ஆனால் அந்தத் துளை சாட்டா வகையை மட்டும் ஏற்கும். நான் வாங்கியதோ என்.வி.எம்.இ.

தம்பி தங்கைகளே, முதலில் உங்க மாடலின் கையேட்டைப் பாருங்க. சாட்டா நொடிக்குச் சுமார் 550 மெகாபைட், மூன்றாம் தலைமுறை என்.வி.எம்.இ. 3,500 வரை போகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுகிறவர்களுக்குச் சாட்டாவே போதும். 500 ஜிபி எடுக்கலாம்.

எஸ்.எஸ்.டி.யில் அழிந்ததை மீட்பது கஷ்டம். 'ட்ரிம்' கட்டளை அந்த இடத்தைக் காலி செய்துவிடும். அதனால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், கூகள் டிரைவில் இன்னொன்று வையுங்க.

அறிக்கையை மறுபடி எழுத எனக்கு மூன்று வாரம் ஆச்சு.