கடிக்கிற நாய்க்கு எங்கே வலி?

மாதக் கூட்டத்தில் மீன் அமிலம், அமுதக் கரைசல் பற்றியெல்லாம் எல்லோர் முன்னாலும் கேட்கிறவர்கள், நாயைப் பற்றி மட்டும் டீ குடிக்கும் இடத்தில் ஓரமாக வந்துதான் கேட்கிறார்கள். "தோட்டத்து நாய் ஆளைக் கடிக்க ஆரம்பிச்சிருச்சுங்க. அதுக்கு உடம்பும் சரியில்லை. என்ன பண்றதுன்னு தெரியலை." அக்கம்பக்கத்தார் அதற்கு முன்பே யோசனை சொல்லி முடித்திருப்பார்கள். மூட்டையில் கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்திரு. இல்லாட்டி சோத்துல குருணை மருந்தை வெச்சிரு.

இரண்டும் குற்றம். வளர்த்த பிராணியைத் தகுந்த காரணமில்லாமல் கைவிடக் கூடாது என்கிறது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. சட்டம் கிடக்கட்டும். மண்ணில் குருணை போடுவதை விட்டுவிட்டு வந்த நாம் அதைச் சோற்றில் போடுவதா? செத்ததைக் கொத்த வரும் பருந்துக்கும் கீரிக்கும் அதே கதிதான். அதற்காகக் கடிக்கிற நாயை அலட்சியமாக அவிழ்த்துவிட்டு வைத்திருக்கவும் முடியாது. ஆளுக்கு ஆபத்து வரும்படி பிராணியை வைத்திருப்பதற்கு அதே சன்ஹிதாவில் 291-ஆவது பிரிவு இருக்கிறது.

கடித்துவிட்டது என்றால் முதல் வேலை மனிதருக்கு. சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் காயத்தைக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். நாய்க்குத்தான் ஊசி போட்டிருக்கே என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆழமான காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் உண்டு, அதை டாக்டர் முடிவு செய்வார். நாயை 10 நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். பத்து நாள் கழித்தும் அது நல்லபடியாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று அர்த்தம். ஆத்திரத்தில் அடித்துக் கொன்றுவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

திடீரென்று குணம் மாறி, குரல் மாறி, தாடை தொங்கி, எச்சில் வழிய, மண்ணையும் கட்டையையும் கடிக்கிற நாயின் பக்கத்தில் போகவே வேண்டாம். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று வாயில் கைவிடுவது மிகவும் ஆபத்து. கதவைச் சாத்திவிட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வெறிநோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நம்முடைய கேள்வி ஆரம்பிக்கிறது. ஏழெட்டு வருஷம் பட்டியைக் காத்த நாய் ஏன் இப்போது கடிக்கிறது? பல சமயம் அதற்கு எங்கேயோ வலிக்கிறது. காதுக்குள் சீழ், சொத்தைப் பல், தேய்ந்த மூட்டு, பார்வை மங்கல், இப்படி ஏதாவது இருக்கும். வலியை வாயால் சொல்ல முடியாத பிராணி பல்லால் சொல்கிறது. வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பிக் கவ்வும். அது கெட்ட குணத்தில் சேர்த்தி இல்லை. தரையில் காலைத் தட்டிவிட்டு முன்பக்கமாகப் போனால் போதும்.

உண்ணிக் காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பிடாது, சோர்ந்து கிடக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும், மூட்டெல்லாம் வலிக்கும். தொட்டாலே சீறும். இங்கேதான் நம்மவர்கள் பூண்டு அரைத்துக் கொடுக்கிறார்கள். நாட்டு வைத்தியத்தில் எனக்கு மரியாதை உண்டு, என் மாடுகளுக்கு மடிநோய் வந்தால் சோற்றுக்கற்றாழைதான். ஆனால் நாய்க்குப் பூண்டும் வெங்காயமும் ஆகாது, சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணிக் காய்ச்சலில் ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் நாய்க்கு அதைக் கொடுப்பது கொடுமை. ரத்தம் எடுத்துப் பார்த்து, டாக்டர் சொல்லும் மாத்திரையைச் சொன்ன நாள் வரை கொடுங்கள். இரண்டு நாளில் எழுந்து ஓடுதே என்று நிறுத்திவிடக் கூடாது. கூடவே நாய் படுக்கும் சுவரில் உள்ள வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். உண்ணி அங்கேதான் முட்டை வைக்கிறது.

எங்கள் தோட்டம் திருச்செங்கோடு பக்கம். மணி என்று ஒரு நாட்டு நாய், ஒன்பது வயசு. போன சித்திரையில், களை எடுக்க வரும் அம்மாவின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ஊசி, பத்து நாள் காவல் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். வங்கியில் 34 வருஷம் இருந்த பழக்கம். வாராக்கடன் ஆகுமோ என்று சந்தேகம் வரும் கணக்கைத் தள்ளுபடிக்கு எழுதும் முன் ஆயிரம் தடவை பார்ப்போம். தேதி, நேரம், யார் போனார்கள், எந்தப் பக்கமாக, நாய் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது, உறுமியதா கவ்வியதா, இவ்வளவுதான் எழுதினேன். ஆறு வாரத்தில் ஒன்பது பதிவு. அதில் ஏழு, படுத்திருந்து எழும்போது. அதுவும் சாயங்காலம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அந்த நோட்டையும் கொண்டுபோனேன். டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு நேராக இடுப்பைப் படம் எடுக்கச் சொன்னார். இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்திருந்தது.

வலிக்கு மாத்திரை எழுதினார். நாம் சாப்பிடும் பாராசிட்டமால், இபுபுரூஃபனைக் கொடுத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார், நாய்க்கு அவை நஞ்சாகலாம். எடையைக் குறைக்கச் சொன்னார். சோற்றைப் பாதியாக்கினோம். சிமெண்ட் தரையில் கிடந்ததை மேடையில் சாக்குப் போட்டுப் படுக்க வைத்தோம். நாள் முழுக்க ஒரே முளையில் கட்டிக் கிடந்தால் நல்ல நாய்கூட மூர்க்கமாகிவிடும். அதனால் இரண்டு வேம்புக்கு நடுவே கம்பி இழுத்து, சங்கிலி வளையத்தை அதில் கோர்த்தோம். முப்பது அடி நடமாடலாம். ஆட்கள் இருக்கும் நேரத்தில் அவிழ்த்தால் வாய்க்கூடு போட்டுத்தான். தாம்பு ஓட்டும் மாட்டுக்குப் போடுவோமே, அதே மாதிரி வாய் திறந்து மூச்சு வாங்க இடம் விட்ட கூடு. வாயை இறுக்கிக் கட்டக் கூடாது, நாய் வாய் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றுகிறது.

இதையெல்லாம் செய்துவிட்டு, அந்த அம்மாவைக் கேட்டேன். என்னையோ என் வீட்டுக்காரம்மாவையோ மணி கடிக்காது. கடி வாங்கப்போவது குனிந்து வேலை செய்கிற ஆள், பால் ஊற்ற வரும் பையன், லீவுக்கு வரும் பேத்தி. ஆபத்து அவர்களுக்கு, பாசம் நமக்கு என்று இருக்கும்போது நாம் மட்டும் உட்கார்ந்து முடிவு எடுப்பது நியாயம் இல்லை. "நான் இருக்கிற வரைக்கும் அது கம்பியிலயே இருக்கோணுங்க சார். அவுத்து விட்டா நான் வர மாட்டேனுங்க" என்றார். சரி என்றேன். பேத்தி வரும் நாட்களில் நடுவே கம்பி வலைப் படலும் சாத்தியிருக்கும். இப்போது ஆறு மாதமாகப் புதிய பதிவு இல்லை. அடுத்த தையில் நோட்டையும் இடுப்பையும் மறுபடி பார்க்க வேண்டும்.

எல்லா நாய்க்கும் இது அமையாது. நண்பர் ஒருவரின் நாய்க்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. மருந்து ஏறவில்லை, சாப்பாடு நின்றது, கண் தெரியாமல் சுவரில் முட்டியது. உறுமாமலே கடிக்கும். மூன்றாவது தடவை, குழந்தையின் கன்னத்தில். சரியாகாத நோவு, முன்னறிவிப்பு இல்லாத கடி, ஒதுக்கி வைக்கவும் முடியாத சின்ன வீடு. கால்நடை மருத்துவரே கருணைக் கொலையைச் சொன்னார். நண்பர் ஒரு வாரம் தூங்கவில்லை. சரியான முடிவு என்றுதான் அவரிடம் சொன்னேன், இப்போதும் அதையே சொல்வேன். வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் யோசித்தார். நோயையும் கடியையும் மறைத்துக் கொடுத்தால் அடுத்த வீட்டுக் குழந்தையின் கன்னம் போகும். சொல்லிக் கொடுத்தால் வாங்க ஆளில்லை.

அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். முதலில் மயக்க ஊசி, நாய் தூங்கிய பிறகு இரண்டாவது ஊசி. சில நிமிஷம்தான். பழகியவர் தலையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருக்கலாம், நண்பர் இருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு விஷயம் நம் மாதிரி ஆட்கள் தெரிந்திருக்க வேண்டும். தென்னைக்கு உரமாகட்டும் என்று அந்த உடலைக் குழியில் மேலாக வைத்து மூடுவதோ, மக்குக் குழியில் போடுவதோ கூடாது. கருணைக் கொலைக்குப் பயன்படுத்தும் பென்டோபார்பிட்டால் உடலோடு எளிதில் மக்காது. நரியோ பருந்தோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரமாக, ஆறடி ஆழத்துக்குக் குழி எடுத்து, மேலே கல் அடுக்கி மூட வேண்டும். நண்பர் தோட்டத்தில் குழி எடுக்க நானும் போயிருந்தேன். செம்மண், நாலு அடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கடப்பாரை போட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.