மக்கள் தொடர்புத் துறைக்குக் கல்லூரி தேடுகிறீர்களா? இந்த மே, ஜூனில் செய்ய வேண்டியவை

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு வீட்டில் எழும் பேச்சு பெரும்பாலும் பொறியியல் கட்-ஆஃப் பற்றியதாகவே இருக்கும். மக்கள் தொடர்புத் துறைக்குப் போக ஆசைப்படும் பிள்ளை அந்தப் பேச்சு அடங்கட்டும் என்று காத்திருக்கும். அதற்குள் கலை, அறிவியல் கல்லூரிகளின் விண்ணப்பத் தேதிகள் முடிந்துவிடும். ஆகவே முதல் வேலையாக, இந்த வாரமே விண்ணப்பங்களைப் போட்டுவிடுங்கள். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்கலாம். அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான க்யூட் தேர்வு எழுதியவர்கள் அதன் முடிவுக்காக மட்டும் காத்திருக்காமல், மாநிலக் கல்லூரிகளில் இரண்டு மூன்றிலாவது பெயரைப் பதிந்து வையுங்கள். எந்தக் கல்லூரி நல்லது என்று ஆராய அதற்குப் பிறகும் நேரம் இருக்கிறது.

அடுத்தது வீட்டாரிடம் பேசுவது. “பி.ஆர்.ஓ.ன்னா சினிமாக்காரங்க பின்னாடி போறதுதானே?” என்று ஒரு மாமாவோ பெரியப்பாவோ கேட்பார். அவர் கேட்பதிலும் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் இந்த வேலையைப் பரவலாக அறிமுகப்படுத்தியதே சினிமாதான். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்குப் பத்திரிகைத் தொடர்பைக் கவனித்த பிலிம் நியூஸ் ஆனந்தன்தான் தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று அறியப்படுகிறார். வாழ்நாளெல்லாம் அவர் சேர்த்து வைத்த படங்களையும் தகவல்களையும் பின்னாளில் தமிழ்நாடு அரசே வாங்கிக்கொண்டது. ஒரு தகவலைச் சரிபார்த்து, ஒழுங்காக எடுத்து வைத்து, கேட்பவருக்குக் கேட்ட நேரத்தில் கொடுப்பதுதான் இந்தத் தொழில். இன்று அதை மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் கார் ஆலைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் செய்கிறார்கள். அரசில் செய்தி மக்கள் தொடர்புத் துறை இருக்கிறது, மாவட்டந்தோறும் அதற்கு ஓர் அலுவலர் இருக்கிறார், ‘தமிழரசு’ இதழும் அங்கிருந்துதான் வருகிறது.

இந்த வேலையின் கனம் புரிய வேண்டுமானால் 2020ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனா காலத்தில் மாலையானால் மக்கள் நல்வாழ்வுத் துறையின் தினசரி அறிக்கைக்காக மாநிலமே காத்திருந்தது. மாவட்டவாரியாகப் புதிய தொற்று, குணமடைந்தோர், சிகிச்சையில் இருப்போர் என்று அட்டவணைகள் வரும். இறந்தவர்களின் பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், ஏற்கெனவே இருந்த நோய்கள், எந்த நாளில் அனுமதிக்கப்பட்டார், எப்போது இறந்தார் என்று ஒவ்வொருவருக்கும் சில வரிகள் இருக்கும். குடும்பத்தின் அந்தரங்கத்தைக் காத்தபடி ஊருக்குத் தேவையான உண்மையைச் சொல்லும் வரிகள் அவை. அந்தச் சில வரிகளை நாள் தவறாமல், பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒருவரை உருவாக்க எந்தக் கல்லூரிக்குத் திறமை இருக்கிறது? கல்லூரி தேடும்போது இந்தக் கேள்வியையே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மக்கள் தொடர்பு என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் கிடைப்பது இங்கே அரிது. இதழியல், விஸ்காம், மாஸ் கம்யூனிகேஷன் பட்டங்களுக்குள் ஒன்றிரண்டு தாள்களாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். லயோலாவின் விஸ்காம், எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரியின் இதழியல் போன்றவை சென்னையில் பெயர் பெற்றவை. ஆனால் விஸ்காம் என்று பலகை மாட்டிய பல இடங்களில் கேமரா, கிராபிக்ஸ், எடிட்டிங் ஆகியவற்றுக்கே நேரம் போய்விடுகிறது. எழுதவும் பேசவும் வாதாடவும் பிடித்த பிள்ளைக்கு இதழியலோ இலக்கியமோ மேலான தேர்வு. பொருளாதாரம், அரசியல் அறிவியல், வணிகவியல் படித்துவிட்டு முதுநிலையில் இந்தப் பக்கம் வருவதும் நல்ல வழிதான். ஒரு வங்கியின் அறிக்கையை எழுதுகிறவருக்கு வாராக்கடன் என்றால் என்னவென்று தெரிந்திருப்பது பெரிய பலம்.

பாடத்திட்டத்தை இணையத்தில் பதிவிறக்கிப் பாருங்கள். மக்கள் தொடர்புத் தாள் எந்த செமஸ்டரில் வருகிறது, அதில் செய்முறைக்கு எத்தனை மதிப்பெண், இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் உண்டா என்று தேடுங்கள். இன்னொன்றையும் பாருங்கள். பத்திரிகையில் வந்த செய்தியின் பரப்பை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரம் கொடுத்தால் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு, அதுவே நம் வேலையின் மதிப்பு என்று சொல்லும் பழக்கம் இந்தத் துறையில் நெடுநாள் இருந்தது. 2010இல் பன்னாட்டு அமைப்புகள் கூடி ஏற்ற பார்சிலோனா கோட்பாடுகள் அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டன. பாடத்திட்டம் இன்னமும் அதிலேயே நின்றால் பல ஆண்டுகளாக அதை யாரும் திருத்தவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இனி, வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாத பகுதி. மே மாத வெயிலைப் பார்க்காமல் கல்லூரிக்கே நேரில் போங்கள். வரவேற்பறையில் கொடுக்கும் பளபளப்பான புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, துறையின் அறைக்குப் போய்ச் சென்ற ஆண்டு மாணவர்கள் எழுதியவற்றைப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். மாணவர்களே நடத்தும் பயிற்சி இதழ், ரெக்கார்டு நோட்டு, செய்திக்குறிப்புகள், எது கிடைத்தாலும் புரட்டுங்கள். சிவப்பு மை இருக்கிறதா என்று பாருங்கள்.

எது நல்ல திருத்தம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்லூரிக் கருத்தரங்கு பற்றி ஒரு மாணவி செய்திக்குறிப்பு எழுதுகிறாள். முதல்வர் தலைமை தாங்கினார், முன்னதாகத் துறைத்தலைவர் வரவேற்றார், சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கேற்றித் தொடங்கிவைத்துச் சிறப்புரை ஆற்றினார், இறுதியில் உதவிப் பேராசிரியர் நன்றி கூறினார். நம் ஊரில் நிருபர்களுக்கு வந்து குவியும் குறிப்புகளில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும். சிறப்பு விருந்தினர் நிலத்தடி நீர் பற்றி அன்று சொன்ன புதிய விஷயம் கடைசிப் பத்தியில்கூட இராது. நல்ல ஆசிரியர் அந்த நான்கு வரிகளையும் அடித்துவிட்டு, “இதில் செய்தி எங்கே?” என்று ஓரத்தில் எழுதுவார். மறுமுறை எழுதச் சொல்வார். அதிலும் தேதி, இடம், பெயரின் இனிஷியல், தொடர்புக்கான கைபேசி எண் எல்லாம் சரியா என்று பார்த்து மூன்றாம் முறையும் எழுத வைப்பார். அப்படித் திருத்தும் ஒருவர் இருக்கும் துறையில், ஸ்டூடியோ சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, சேருங்கள். குளிர்சாதன வசதியோடு ஒளிப்பதிவுக் கூடம் இருந்தும், மாணவர் எழுதிய ஒரு தாளைக்கூட எடுத்துக் காட்ட முடியாத துறை உங்களுக்கு வேண்டாம்.

அங்கே தமிழிலும் எழுத வைக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மும்பையிலோ டெல்லியிலோ எழுதப்பட்ட ஆங்கிலக் குறிப்பைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி அனுப்பினால் அது குப்பைக்கூடைக்குத்தான் போகும். மதுரைப் பதிப்பின் உதவி ஆசிரியர் கைவைக்காமல் அச்சுக்கு அனுப்பக்கூடிய தமிழும், தலைமையகத்துக்கு அனுப்பத் தகுந்த ஆங்கிலமும் ஒரே ஆளிடம் இருந்தால் அவரை நிறுவனங்கள் விடாது. தமிழ் வழியில் படித்தோமே என்று தயங்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: உங்கள் தமிழ் இந்தத் தொழிலில் முதலீடு. ஆங்கிலத்தை மூன்றாண்டில் உழைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த உழைப்புக்குத் துணை நிற்கும் கல்லூரியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடம் எடுப்பவர்களில் யாராவது பத்திரிகை அலுவலகத்திலோ மக்கள் தொடர்பு நிறுவனத்திலோ வேலை பார்த்தவர்களா? பட்ட மேற்படிப்புத் தகுதி இல்லாத தொழில் வல்லுநர்களையும் நடைமுறைப் பேராசிரியர்களாக அமர்த்திக்கொள்ள 2022இல் யுஜிசி வழி செய்திருக்கிறது. ஆகவே ஆள் கிடைக்கவில்லை என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

மாணவர்கள் வெளியே வரும் நேரம் பார்த்து வாசல் டீக்கடையில் நின்று இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு பிள்ளைகளிடமும் பேசிப் பாருங்கள். 2015இல் நடந்த மேகி நூடுல்ஸ் விவகாரத்தைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாகக் கூறி அந்த ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விற்பனையை நிறுத்தியது, ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது, நவம்பரில் பொட்டலங்கள் கடைக்குத் திரும்பின. முதல் வாரத்தில் நிறுவனம் தாய்மார்களிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும், யார் சொல்லியிருக்க வேண்டும், சொல்லத் தாமதித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் இந்தப் படிப்பின் நடுநாயகமான கேள்விகள். அவற்றைப் பற்றி அந்தப் பிள்ளைகள் உற்சாகமாக வாதிட்டால் வகுப்பு உயிரோடு இருக்கிறது.

அறம் பற்றிய பாடமும் இருக்க வேண்டும். செய்தியாளர் கூட்டம் முடிந்ததும் நிருபர்களுக்குப் பணம் வைத்த கவர் கொடுக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை எப்படி மறுப்பது, பொய் சொல்லச் சொல்லும் முதலாளியிடம் எப்படிப் பேசுவது என்று படிக்கும் காலத்திலேயே யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். 1958இல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்புச் சங்கம், 1968 ஏப்ரல் 21 அன்று, மக்கள் தொடர்புத் தொழிலுக்கான பன்னாட்டு அறநெறியான ஏதென்ஸ் நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. அந்த நாளைத்தான் தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். கல்லூரியில் அந்த நாள் பேனர் கட்டிப் படம் எடுப்பதோடு முடிகிறதா, நெறிமுறையை வகுப்பில் படிக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

ஊரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதிகம். சென்னையில் வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் கோவையின் மருத்துவமனைகளிலும் பம்ப் தொழிற்சாலைகளிலும், திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களிலும், எந்த மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்திலும் கற்றுக்கொள்ள ஏராளம் இருக்கிறது. சென்ற ஆண்டு யார் யார் எங்கே இன்டர்ன்ஷிப் போனார்கள் என்று நிறுவனப் பெயரோடு கேளுங்கள். “நூறு சதவீத வேலைவாய்ப்பு” என்று சொன்னால், எந்தப் பதவியில் என்றும் கேளுங்கள். போன் போட்டுக் கடன் அட்டை விற்கும் வேலையையும் அந்த நூறில் சேர்ப்பவர்கள் உண்டு.

பணத்தில் நிதானம் தேவை. தொடக்கச் சம்பளம் பெரிதாக இராத துறை இது. எனவே இளநிலைக்குப் பெரிய கடன் வாங்காதீர்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேர்ந்தவுடன் கல்லூரி அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பெயர் தெரியாத பல்கலைக்கழகம் என்றால் யுஜிசி இணையதளத்தில் உள்ள போலிப் பல்கலைக்கழகப் பட்டியலைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

பட்டம் முடித்துவிட்டு முதுநிலை தேடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டெல்லியில் 1965இல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம், ஐ.ஐ.எம்.சி., விளம்பரமும் மக்கள் தொடர்பும் சேர்ந்த முதுநிலைப் பட்டயத்துக்குப் பேர்போனது. அண்மை ஆண்டுகளில் க்யூட் முதுநிலைத் தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள். விண்ணப்பம் குளிர்காலத்திலேயே வந்துவிடுவதால், இப்போது இரண்டாம் ஆண்டு முடித்தவர்கள் டிசம்பரிலிருந்தே கவனமாக இருங்கள். மும்பை சேவியர் தொடர்பியல் நிறுவனமும் அகமதாபாத் மைக்காவும் நன்கறியப்பட்டவை, மைக்காவில் செலவு கூடுதல். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்கள் மயிலாப்பூர் பாரதிய வித்யா பவனில் விசாரித்துப் பார்க்கலாம்.

வகுப்பு தொடங்கும்வரை கிடைக்கும் வாரங்களை வீணாக்காதீர்கள். ஒரு தமிழ் நாளிதழும் ஓர் ஆங்கில நாளிதழும் தினமும் படியுங்கள். உங்கள் ஊர் நூலகத்தின் கோடை முகாமோ கோயில் குளம் தூர்வாருவதோ, கண்ணெதிரே நடக்கும் ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு பக்கச் செய்திக்குறிப்பு எழுதி, ஒரு படத்தோடு உள்ளூர் நிருபரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் எதை வெட்டினார், எதை வைத்துக்கொண்டார் என்று அச்சில் வந்ததைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வரவில்லையென்றால் ஏன் என்று அவரிடமே கேளுங்கள், பலர் பொறுமையாகச் சொல்வார்கள்.

சேர்க்கை நாளில் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஐந்தாறு நகல் கையில் இருக்கட்டும். அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், தங்களிடமே நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டு யுஜிசி அறிவிக்கை சொல்கிறது. எவ்வளவு முன்னதாக விலகுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தரவும் அது விதி வகுத்திருக்கிறது. இன்னும் நல்ல இடம் கிடைத்தால் மாறிக்கொள்ள வழி இருக்கிறது. கட்டிய பணத்துக்கான ரசீதுகளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.