ஃபார்மட் அடிப்பதற்கு முன்: எஸ்விசிஹோஸ்ட் விழுங்கும் நினைவகம்

விண்டோஸ் 7 நிறுவப்பட்ட கணினியில் எந்தச் செயலியும் திறக்கப்படாத நிலையிலேயே ரேம் எனப்படும் நினைவகம் நிரம்பி, ஹார்ட் டிஸ்க்கின் சிறு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் எஸ்விசிஹோஸ்ட் என்னும் பின்னணிச் செயல்முறையாகவே இருக்கும். இது தனியொரு நிரலன்று. விண்டோஸின் பல உள்சேவைகளைத் தன்னுள் ஏற்றி இயக்கும் பொது ஓடு இது; ஆகவே டாஸ்க் மேனேஜரில் இதன் பெயர் பத்துக்கும் மேற்பட்ட வரிகளில் தோன்றுவது இயல்பேயன்றி வைரஸின் அடையாளம் ஆகாது. இவ்வளவு அறியாமல் கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்வோர் இழப்பது பழுதுபார்க்கும் கூலியை மட்டுமன்று.

தமிழ்நாட்டில் இச்சிக்கல் பரவலாக உணரப்பட்டதற்குத் தனிக் காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கப்பட்ட, மாணவர்க்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகக் கணினியே பாராத வீடுகளுக்கும் அது வந்து சேர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவை 2 ஜிபி நினைவகம் கொண்டவை. விண்டோஸும் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் அருகருகே இருந்தன. விழுப்புரம் – செஞ்சிச் சாலையிலிருந்து சற்று விலகியுள்ள மண்டகப்பட்டில் இக்கட்டுரையாளரின் வீட்டுக்கு வந்ததும் அத்தகைய ஒன்றே. அதைப் பெற்ற மாணவரின் படிப்பு முடிந்தபின் அது குடும்பத்தின் கணினியாயிற்று. மின்கட்டணம், தேர்வு விண்ணப்பம், பட்டா நகல் என ஊரார் தேவைகளுக்கும் பயன்பட்டது. படிப்பவர் வீட்டுக் கணினியும் ஏறத்தாழ இவ்வாறே வந்து, இவ்வாறே உழைத்து, இவ்வாறே திணறியிருக்கும்.

எஸ்விசிஹோஸ்ட் வீங்குவதன் காரணம், அதனுள் இயங்கும் விண்டோஸ் அப்டேட் என்ற சேவையில் இருந்தது. ஒரு புதுப்பிப்பு தேவையா என்பதை முடிவுசெய்ய, அது கணினியில் ஏற்கெனவே உள்ளவற்றையும் மைக்ரோசாப்ட் வெளியிட்டவற்றையும் ஒப்பிட்டு, எது எதனைப் பதிலீடு செய்கிறது என்னும் நீண்ட சங்கிலியைக் கணக்கிட வேண்டும். ஆண்டுகள் செல்லச்செல்ல இச்சங்கிலி நீண்டது. கணக்கு முழுவதும் நினைவகத்தில் நிகழ்வதால், 2 ஜிபி கணினியில் அச்சேவை ஒன்றே 1 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் நிலை தோன்றியது. நினைவகம் போதாதபோது விண்டோஸ் அதிலுள்ளதைப் பேஜ் ஃபைல் என்னும் கோப்பில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், எழுதி எழுதி மீண்டும் எடுக்கும். டிஸ்க்கின் வேகம் நினைவகத்தின் வேகத்திற்கு எவ்வகையிலும் ஈடாகாதாகையால், ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் விழும்வரை விரலை மடக்கிக் காத்திருக்க நேர்கிறது.

இங்கேதான் மிகப்பெரும் தவறு நிகழ்கிறது. அந்த மடிக்கணினியைக் கொண்டுசென்ற விழுப்புரத்துப் பழுதுபார்க்கும் கடையொன்றில், டாஸ்க் மேனேஜரைத் திறந்துகூடப் பாராமல், “ஃபார்மட் அடிச்சுட்டா புதுசு மாதிரி ஓடும் சார், டி டிரைவுல இருக்கறது எதுவும் போகாது” என்று கூறப்பட்டது. கூறியதில் பொய் இல்லை. டி டிரைவில் இருந்தது எதுவும் போகவில்லை. ஆயினும் டெஸ்க்டாப் என்று திரையில் தெரியும் இடமும், மை டாக்குமென்ட்ஸ் என்ற அடைவும் ஃபார்மட்டில் அழியும் சி டிரைவுக்குள் அடங்கியவை என்பதையும், வீட்டுப் பயன்பாட்டாளர் பெரும்பாலோர் கோப்புகளைச் சேமிப்பது அங்கேதான் என்பதையும் தொழில் தெரிந்தவர் கேட்டறிந்திருக்க வேண்டும். கேட்கவில்லை. கட்டுரையாளரின் தந்தையார் ஊரிலுள்ள பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் குடைவரையைப் பற்றி, வருவோர்க்கு விளக்குவதற்கெனப் பல காலமாகத் தட்டச்சு செய்துவைத்த குறிப்புகள் அந்த டெஸ்க்டாப்பில் இருந்தன. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) எடுப்பித்த கோயில் எனக் கூறும் அங்குள்ள கல்வெட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் எழுதிய விளக்கமும் அவற்றில் அடங்கும். பழைய பென் டிரைவ் ஒன்றிலிருந்து ஒரு பகுதி கிடைத்தது. கிடைத்ததும் படிக்க இயலவில்லை. அவை யூனிகோடில் அன்றி வானவில் எழுத்துருவில் அடிக்கப்பட்டவையாதலாலும், ஃபார்மட்டில் அவ்வெழுத்துரு நீங்கிவிட்டதாலும், மகேந்திரன் என்ற பெயர் நின்ற இடத்தில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளும் குறிகளும் நின்றன. எழுத்துருவை மீண்டும் நிறுவியபின் அப்பகுதி மீண்டது, எஞ்சியது மீளவில்லை.

இழப்பைவிடக் கொடியது, அந்த மருத்துவம் நோயையே வளர்த்தது என்பது. கடைகளில் அப்போது பயன்பட்ட நிறுவல் வட்டு பெரும்பாலும் 2011-இல் வெளிவந்த சர்வீஸ் பேக் 1 நிலையிலேயே இருந்தது. அதை நிறுவியவுடன் கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றது. அதன்பின் வெளிவந்த நூற்றுக்கணக்கான புதுப்பிப்புகளையும் ஒருசேர ஒப்பிடும் பொறுப்பு விண்டோஸ் அப்டேட்டின் தலையில் விழுந்தது. முன்பு ஒரு மணிநேரம் திணறிய கணினி, புதிதாக்கப்பட்டபின் நாள் முழுதும் திணறியது இதனால்தான். ஜியோ 2016 செப்டம்பரில் வருவதற்கு முன்பு, டாங்கிளில் ஜிபி கணக்கில் பணம் கொடுத்து இணையம் பெற்ற வீடுகளுக்கு, அத்தனையையும் மறுபடி இறக்குவது தனிச் செலவு.

நினைவகம் வாங்கிப் போடச் சொல்லும் அறிவுரையும் இதற்கு இணையானது. விண்டோஸ் 7-இன் ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்துவதே இல்லை. 32-பிட் வகையின் ஏனைய பதிப்புகளுக்கும் 4 ஜிபியே எல்லை. பதிப்பைப் பாராமல் ரேம் விற்பவரை நம்பலாகாது.

புதுப்பிப்புகள் வந்துகொண்டிருந்த காலத்தில் செய்யவேண்டியிருந்தது சுருக்கமானது. டாஸ்க் மேனேஜரில் எல்லாப் பயனர்களின் செயல்முறைகளையும் காட்டச் செய்து, நினைவக அளவின்படி வரிசைப்படுத்தி, முதலில் நிற்கும் எஸ்விசிஹோஸ்டின்மீது சுட்டியின் வலது பொத்தானைச் சொடுக்கிச் சேவைகளுக்குச் செல்லும் தெரிவைத் தேர்ந்தால், அதனுள் உள்ள சேவைகள் நிறமிட்டுத் தெரியும். அவற்றுள் வூஆசெர்வ் என்ற பெயர் இருப்பின் அதுவே விண்டோஸ் அப்டேட். எஸ்விசிஹோஸ்டையே எண்ட் பிராசஸ் கொடுத்துக் கொல்லலாகாது. பணி அட்டவணை, திரைத்தோற்றம் உள்ளிட்ட பிற சேவைகளும் அதே ஓட்டில் இருப்பதால் அவையும் உடன் விழும். வூஆசெர்வை மட்டும் நிறுத்தி, நினைவகம் இறங்குகிறதா எனப் பார்த்தால் நோயின் பெயர் உறுதியாகும். பின்னர் மைக்ரோசாப்ட் தனிக்கோப்பாக வெளியிட்ட திருத்தங்களை நிறுவவேண்டும். நினைவகச் சிக்கலுக்கான திருத்தம் 2015 ஜூனில் கேபி3050265 என்ற எண்ணில் வந்தது. தேடலின் தாமதத்தையும் சேர்த்துக் குறைத்தது 2016 ஜூலையின் கேபி3172605. பின்னதற்கு முன்பாகக் கேபி3020369 நிறுவப்பட்டிருக்க வேண்டும். இவ்வரிசை தவறினால் இப்புதுப்பிப்பு கணினிக்குப் பொருந்தாது என்ற செய்தியே திரும்பத் திரும்ப வரும். நிறுவும்போது இணையத்தைத் துண்டித்து வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அப்டேட்டையே நிரந்தரமாக அணைத்துவிடுவது பலர் கண்ட எளிய வழி. கடைக்காரர் அதையும் பரிந்துரைத்தார், கட்டுரையாளர் மறுத்தார், மறுத்தது சரியே. 2017 மார்ச்சில் வெளிவந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைப் பெறாத கணினிகளை, அவ்வாண்டு மே மாதம் வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் தாக்கிக் கோப்புகளைப் பூட்டியது. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 கணினிகள். அண்டையில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் அவற்றுள் அடங்கும். நினைவகத்தைக் காக்கக் கதவைத் திறந்துவைப்பது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. அதன்பின் வீட்டுக் கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வராமையால், இன்றும் அந்த மடிக்கணினியை வைத்திருப்போர் அப்டேட் சேவையை அணைத்து வைப்பதில் தடையில்லை. ஆனால் அதில் வங்கிக் கணக்கைத் திறக்கலாகாது. தட்டச்சுக்கு இணையமின்றி விண்டோஸையும், இணையத்திற்கு இலகுவான லினக்ஸ் ஒன்றையும் வைத்துக்கொள்வது போதுமானது. மாற்றம் எதுவாயினும், டெஸ்க்டாப்பில் உள்ளவற்றையும் எழுத்துருக் கோப்புகளையும் முதலில் பென் டிரைவில் படியெடுத்து, அந்தப் படியை வேறொரு கணினியில் திறந்து படிக்க வருகிறதா எனப் பார்த்த பின்பே கடையில் கொடுக்கவேண்டும்.